உள் தையலில் கிளிப்பச்சை

சாரம் பகுதியில் தீபலட்சுமியின் தையலைக் குறை சொன்னவர்கள் யாரும் இல்லை. அவள் வாயைத்தான் நம்ப முடியாது. "உங்களுதுதான்க்கா மொதல்ல" என்று பன்னிரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாருமே எப்படி முதலாவதாக இருக்க முடியும் என்று கேட்க யாருக்கும் பொழுதில்லை.

முன் அறையில் மெஷின், பக்கத்தில் பிஸ்கட் டப்பா நிறைய நூல்கண்டுகள். பச்சையில் மட்டும் ஒன்பது வகை வைத்திருக்கிறாள். நூல் தீர்ந்த கட்டைகளையும் தூக்கிப் போட மனசு வராது. ஒன்று டிராயருக்குக் கைப்பிடி, இன்னொன்று ஆடுகிற கட்டிலுக்கு முட்டு. தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டும் கணவன் முருகையன், "என்னையும் ஒரு கட்டையில சுத்தி டப்பாவுல போட்டுடு" என்பான். அவளும் ஒருநாள் அவனை ஏற இறங்கப் பார்த்து, "டப்பா பத்தாது" என்றாள்.

துணிக்கு நூல் பொருத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. ட்யூப்லைட்டை நம்பமாட்டாள். துணியையும் கண்டையும் வாசல் வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் மெஷினில் மாட்டுவாள். ஆனால் இந்தக் கவனமெல்லாம் மேல்நூலுக்கு மட்டும். அடிநூல் சுற்றிய பாபினில் எந்த நிறம் கிடக்கிறதோ, அது தீரும்வரை அதுதான் ஓடும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

பச்சையம்மாள் பார்த்தாள்.

மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் அவள். செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் என்றைக்குப் பிடித்தது என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தன் கத்தரிப்பூ ஜாக்கெட்டை வாங்கியதும் அதே கண்ணோடு அதை உள்பக்கம் புரட்டினாள். கழுத்தோரம் முழுக்கக் கிளிப்பச்சைத் தையல்.

"இது ஹேமலதா டீச்சர் ஜாக்கெட்டு நூலாச்சே. வெள்ளிக்கிழமையே போட்டுக்கினு போனாங்க. அவங்க எப்ப குடுத்தாங்க?"

"வியாழக்கிழமைக்கா."

"நான் திங்கட்கிழமையே குடுத்தேன். அவங்களுக்குத் தச்ச மிச்ச நூலு எனக்கு அடியில ஓடியிருக்கு. அப்ப யாருது மொதல்ல?"

தீபலட்சுமி கைவசம் பொய்களுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கென்று ஒன்றுகூட வாயில் வரவில்லை. "டீச்சர் வந்து எதிர்ல ஒக்காந்துட்டாங்கக்கா. தச்சு முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

"எனக்கு ஒக்கார நேரமில்ல தீபா. விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கப் போறேன். அதுக்காக என்னுத கடைசியில தைப்பியா?"

சொல்லிவிட்டு, கொண்டுவந்த பெரிய பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். அதில் அவள் மகள் தேவிப்பிரியாவின் கல்யாண ஜாக்கெட் துணிகள், மொத்தம் பதினொன்று. அவற்றுக்காகத் தீபலட்சுமி இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு நான்தான் தைக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

"நேரு வீதி டெய்லர்கிட்ட குடுத்துக்கறேன்" என்றாள் பச்சையம்மாள்.

பை போகிறதே என்ற பதற்றம் ஒருபக்கம் இருக்கட்டும். அவள் கேட்ட கேள்விதான் தீபலட்சுமியைக் குத்தியது. உட்கார முடிந்தவர்களுக்கு முதலில், ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பிறகு என்றுதான் இத்தனை வருஷமும் தைத்திருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது.

"பொய்தான்க்கா சொன்னேன். தப்புதான். குடுங்க, பிரிச்சிட்டு கத்தரிப்பூ நூலே போட்டுத் தர்றேன்."

பச்சையம்மாள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மீனாக இருந்திருந்தால் விலை சொல்லியிருப்பாள்.

"பிரிக்க வேணாம். சாட்சிக்கு இருக்கட்டும்" என்று பையைக் கீழே வைத்தாள். "பதினொன்னையும் வரிசையா தச்சிடு. நான் வந்து ஒக்காரவும் மாட்டேன், போன் போடவும் மாட்டேன்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "அப்புறம் டீச்சருக்கு எப்ப தச்சாலும் பாபினை மாத்தாத. எங்களுக்குத் தச்ச மிச்ச நூலே அவங்களுக்கு அடியில ஓடட்டும்."

மூன்றாம் நாள் ஹேமலதா டீச்சர் புதுத் துணியோடு வந்து வழக்கம்போல் எதிரே உட்கார்ந்தார்.

"உங்களுது பன்னெண்டாவது டீச்சர்" என்றாள் தீபலட்சுமி. சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

டீச்சர் சிரித்தார். நம்பவில்லை. ஒரு கட்டுப் பரீட்சைப் பேப்பரை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். பேப்பர் தீர்ந்தது. பிறகு மின்விசிறியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். தீபலட்சுமி தலை நிமிராமல் தேவிப்பிரியாவின் முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாள் அந்நேரம் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.