அலைமுகம் லாட்ஜுக்கு ஒன்றாம் இடம்

பொன்னுலிங்கம் அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பியது எங்கள் முதலாளி செல்வதாஸ் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அதற்கான சாட்சியை மாதம் தவறாமல் தயார் பண்ணிக் கொடுத்தவள் நான். இந்தக் கையால். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் நான் மனுஷியே இல்லை.

கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகிற சாலையை விட்டு மூன்றாவது சந்துக்குள் இருக்கிறது அலைமுகம் லாட்ஜ். இருபத்திரண்டு அறைகள். பெயர்தான் அலைமுகம், அலையைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும். இப்படிப்பட்ட லாட்ஜுக்கு எவனும் தானாக வழி கேட்டு வரமாட்டான். கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அண்ணாச்சி. சொந்த ஊர் தோவாளை. பூ வியாபாரக் குடும்பம். பூ வாசனை பட்டால் தலைவலி வருகிறது என்று சொல்லி முப்பத்தெட்டாம் வயதில் தெற்கே வந்தவர், பிறகு ரயில் ஸ்டேஷனே கதி என்று ஆகிவிட்டார்.

ஸ்டேஷனில் மற்ற லாட்ஜுக்காரர்களின் ஆட்கள் பயணிகளின் பையைப் பிடித்து இழுப்பார்கள். இவர் தள்ளி நிற்பார். கைக்குழந்தையோடு வருகிற குடும்பமாகப் பார்த்துப் போய், ரூம் என்ற பேச்சையே எடுக்காமல், “கரம் பானி” என்பார். வங்காளி என்று தெரிந்தால் “கொரோம் ஜோல்”. மூன்று நாள் ரயிலில் வெந்து வந்தவர்களுக்குச் சுடுதண்ணீரை விட வேறென்ன வேண்டும்? பேசாமல் பின்னால் வருவார்கள். அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தம் நாற்பது வார்த்தை இருக்கும். அதை வைத்து இருபது வருஷம் இருபத்திரண்டு அறைகளை நிரப்பினார்.

நான் ரிசப்ஷனில் சேர்ந்தது 2005 பிப்ரவரியில். சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, கடலுக்குப் போகிற தைரியமும் இல்லை. லாட்ஜில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு ஈ காக்கா இல்லை. ஆனால் அண்ணாச்சி காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

“ஆளே இல்லாத பிளாட்பாரத்துல என்னத்துக்கு அண்ணாச்சி போயி நிக்கியோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வண்டி வருதுல்லா மக்ளே. வண்டி வந்தா ஒருநாளு ஆளும் வரும். அன்னைக்கி நான் அங்க நிக்காண்டாமா?”

நின்றார். ஆளும் வந்தது. அந்த வருஷம் முதன்முதலாக நிரம்பிய லாட்ஜ்களில் எங்களுடையதும் ஒன்று.

2011இல் முதலாளி வெப்சைட் போட்டார். நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்த ஜெபிஷ் என்ற பையன்தான் செய்து கொடுத்தான். முதலாளியை விட அண்ணாச்சிக்குத்தான் சந்தோஷம். அறைகளின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “ஏட்டி கிரேசி, இது நம்ம நூத்தி நாலா? கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு!” என்று நாலு தடவை கேட்டார்.

அப்போதெல்லாம் வருகிறவர்கள் கையில் நெட் உள்ள போன் வர ஆரம்பித்திருந்தது. புரோக்கர் என்றாலே சந்தேகப்படுகிற காலமும் வந்திருந்தது. அண்ணாச்சி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். லாட்ஜ் கார்டைக் கொடுத்து, “என்னை நம்பாதீங்க சார், போன்ல இந்தப் பேரை அடிச்சிப் பாருங்க, முதல்ல வரும்” என்று தன் நாற்பது வார்த்தை இந்தியில் சொல்வார். அவர்கள் அங்கேயே நின்று கார்டைப் பார்த்துப் பெயரை அடிப்பார்கள். லாட்ஜ் வரும், அறை வரும், கட்டில் வரும். முகத்தில் இருந்த சந்தேகம் போய்விடும். பெட்டியை இவர் தூக்கிக்கொள்வார். எவ்வளவு புத்தி பாருங்கள். அந்தப் புத்திதான் அவர் தலையில் கல்லைப் போட்டது.

ஜெபிஷ் மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் கொண்டுவருவான். வழவழப்பான தாளில் நாலு பக்கம், கலரில் கோடுகள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: ‘அலைமுகம் லாட்ஜ் கன்னியாகுமரி’ என்று தேடினால் ஒன்றாம் இடம். இந்த மாதம் இந்தப் பெயரைத் தேடியவர்கள் முந்நூற்றுப் பத்து பேர். அடுத்த மாதம் முந்நூற்று நாற்பது. முதலாளி அந்தத் தாளைக் கடைத்தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். சர்ச்சிலும் காட்டினார் என்று கேள்வி.

முழுப்பெயரைச் சொல்லித் தேடினால் அந்த லாட்ஜ் முதலில் வராமல் வேறு எந்த எளவு வரும்? எங்கள் வீட்டு வாசலில் நின்று ‘கிரேசி’ என்று கூப்பிட்டால் நான்தானே எட்டிப் பார்ப்பேன்? அந்தப் பெயர் தேடுகிறவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதல்லவா கேள்வி! மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. வெறுமனே ‘கன்னியாகுமரி லாட்ஜ்’ என்று தேடினால் நாற்பத்தேழாவது இடம். பெயர் தெரியாதவன் ஒருவனும் எங்களைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அர்த்தம். நான் ஜெபிஷிடம் கேட்டேன். “அது பைய ஏறும் அக்கா” என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். முதலாளி மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதே இல்லை.

இனி என் பங்கு. ஜெபிஷ் சொன்னான் என்று முதலாளி தங்குவோர் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். எப்படி வந்தார்கள்? நெட், புரோக்கர், பழைய ஆள். மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிச் சொல்ல வேண்டும்.

பெயர் எழுதும்போது வந்தவர்களைக் கேட்பேன். “கூகுள் மே தேக்கா” என்பார்கள், கூகுளில் பார்த்தோம் என்று. பக்கத்திலேயே அவர்கள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வேர்த்து ஊற்ற நிற்பார். அந்த மனுஷன் முகத்துக்கு நேரே நான் எப்படிப் ‘புரோக்கர்’ என்று எழுதுவேன்? எங்கள் ஊரில் அது ஒரு வசவு. வயதில் என் அப்பாவுக்குச் சமமானவர். மரியாதையாக ‘நெட்’ என்று எழுதினேன். ஒருநாள் அவரே எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பிடியே எழுது மக்ளே. மொதலாளி அதக் கண்டா குளுந்து போவாரு” என்று சிரித்தார். பிறகு கேட்க வேண்டுமா? எல்லாம் நெட், நெட், நெட்.

2013 ஆகஸ்டில் முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். நான் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“ஓய் பொன்னுலிங்கம், இதப் பாரும். வாறதுல நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு பேரு நெட்டு வழியாட்டு வாறான். மிச்சம் பழைய ஆளு. புரோக்கர் வழியா வந்தது பூஜ்யம். நான் சொல்லல்ல, ரிப்போர்ட்டு சொல்லுகு. இனி இந்த வயசுல நீரு வெயில்ல கெடந்து நிக்காண்டாம்.”

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். மேலே ஏறுகிற பச்சைக் கோட்டை விரலால் தொட்டார்.

“நல்லா கூடியிருக்கே மொதலாளி” என்றார். குரலில் உண்மையாகவே சந்தோஷம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப நாளைக்கி வண்டிக்குப் போகாண்டாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்.”

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன். அப்போது வாயைத் திறந்து, ‘முதலாளி, அந்தக் கட்டத்தில் நான் எழுதினது முழுக்கப் பொய்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் வேலையும் போய்விடும் என்ற பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. “வாறேன் மக்ளே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீசன் வந்தது. டிசம்பரில் கன்னியாகுமரியில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து லாட்ஜ்களில் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார்கள். எங்கள் இருபத்திரண்டு அறைகளில் ஐந்து நிரம்பியது, அதுவும் பழைய ஆட்கள். முதலாளி ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் லாட்ஜ் பெயரை அடிப்பார். முதலில் வரும். “ஒண்ணாம் எடத்துலதானே நிக்கு? பொறவு எங்க போனானுவ?” என்று என்னிடம் பாய்வார். ஜெபிஷ் வந்து, “ரேங்க் ஸ்டெடியா இருக்கு சார். இந்த வருசம் வங்காளத்துக்காரன் வரத்து கொறவு” என்றான். எதிர்ச்சாரியில் முழு வங்காளமும் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் முதல் வாரம், வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒன்றாம் இடம் எல்லாத் தாளிலும் அப்படியே இருந்தது. தேடியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். 2012 அக்டோபரில் இருநூற்று எண்பது. நவம்பரில் அறுபத்தொன்று. டிசம்பரில் முந்நூற்றுத் தொண்ணூறு. நல்ல சீசன் தொடங்குகிற நவம்பரில் எப்படி விழுந்தது? அப்போது ஜெபிஷ் ஏதோ கணக்கு மாறிவிட்டது என்று சொல்லியிருந்தான். ஒரு கணக்கும் மாறவில்லை. அந்த நவம்பரில் அண்ணாச்சி குடலிறக்க ஆபரேஷன் செய்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்தான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனில் கார்டு கொடுக்க ஆளில்லை. பெயரை அடிக்கவும் ஆளில்லை. அவரை அனுப்பிய ஆகஸ்டுக்குப் பிறகும் அதே கதை. செப்டம்பரில் தொண்ணூறு, டிசம்பரில் முப்பத்தெட்டு, ஜனவரியில் முப்பத்திரண்டு, பிப்ரவரியில் இருபத்தெட்டு.

தாள்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கட்டத்தில் நான் எழுதினது பொய் என்பதையும், ஏன் எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?” என்று முதலாளி கத்தினார். “மரியாதைக்கு எழுதினாளாம்! இப்பம் வந்து சொல்லுகா!”

“கத்துங்கோ மொதலாளி. ஆனா நெட்டு ஆளக் கூட்டிட்டு வரல்ல. அண்ணாச்சி கூட்டிட்டு வந்த ஆளு நெட்டப் பாத்தான். அவ்வளவுதான்.”

வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “போயி கூப்பிட்டுப் பாரு. வந்தா வரட்டு” என்றார்.

தோவாளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார் அண்ணாச்சி. யூனிபார்ம் சட்டை தோளில் தொங்கிற்று. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். சாயா வாங்க ஆள் அனுப்பினார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“நான் வந்து என்னத்துக்கு மக்ளே? அங்கதான் எல்லாம் நெட்டுல நடக்குல்லா?”

“நடக்கல்ல அண்ணாச்சி. அறை எல்லாம் காலியாக் கெடக்கு. நீங்க கார்டு குடுத்ததுனாலதான் அவனுவ பேரு அடிச்சானுவ. நான்தான் புத்தியில்லாம நெட்டுன்னு எழுதி வச்சேன். எல்லாம் நீங்க கொண்டுவந்த ஆளு.”

“சும்ம கெட பிள்ளே. என்னைச் சமாதானப்படுத்தத்தான் நீ இப்பிடிச் சொல்லுகே. அந்தப் பச்சைக் கோடு ஏறினத நான் கண்ணால பாத்தேனே. இருவது வருசமா நான் என்னமோ பெரிசா கூட்டிட்டு வாறேன்னு நெனச்சிட்டிருந்திருக்கேன் பாரு! அன்னைக்கித்தான் வெளங்கிச்சு, நான் பெட்டி தூக்கினது மட்டும்தான்னு.”

கொண்டுபோன தாள்களை அவர் மடியில் போட்டு, நவம்பரைக் காட்டி, ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. படம் போட்ட தாளில் பெரிய எழுத்தில் வந்ததை நம்பின மனுஷனுக்கு, நான் வாயால் சொன்னதில் என்ன விலை இருக்கும்?

“நம்ம லாட்ஜ் நல்லாத்தான் இருக்கு மக்ளே” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இது மக வாங்கித் தந்தது. டிசம்பர் ஒண்ணாந்தேதி தந்தா. தெனமும் எந்திரிச்சு மொதல் வேலையா அடிச்சிப் பாப்பேன். ஒருநாளு விடமாட்டேன். இன்னைக்கும் பாத்தாச்சு. முதல்லதான் நிக்கு.”

சாயா வந்தது. குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிப்ரவரி ரிப்போர்ட்டில் இருந்த அந்த இருபத்தெட்டு எனக்கு உறைத்தது. ஆரல்வாய்மொழிக் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் அழுதேன்.

அவர் வரவில்லை என்றதும் முதலாளிக்கு உள்ளுக்குள் நிம்மதிதான் என்று நினைக்கிறேன். ஏப்ரல் மூன்றாம் தேதி ஜெபிஷ் புது ரிப்போர்ட் கொண்டுவந்தான். முதலாளி தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

“பாத்தியாட்டி! போன மாசம் இருவத்தெட்டு, இந்த மாசம் முப்பத்தொண்ணு. மூணு கூடியிருக்கு. ஆளு தேடத்தான் செய்யுகான்.”

“ஆளு ஒண்ணுதான் மொதலாளி” என்றேன். “மார்ச்சுக்கு மூணு நாளு கூடுதலு.”