அம்மா நீட்டிய என் கை

நமக்குச் சொந்தமில்லாத ஒரு கையை நாம் நீட்டலாமா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்றரை வயது. முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று டாக்டரிடம் காட்டினேன். ஒரு மாதம் டானிக் கொடுங்கள், பிறகு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது அங்கிருந்த நர்ஸ் சாதாரணமாகக் கேட்டார்: "அடுத்த மாசம் நர்ஸிங் ஸ்டூடண்ட்ஸ் வராங்கம்மா. பாப்பாவுக்கு அவங்க எடுக்கட்டுமா? நான் பக்கத்துலயே இருப்பேன்." "பாக்கலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வரும்வரை மகளின் முழங்கை மடிப்பை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். பன்னுபோல இருந்தது. நரம்பே தெரியவில்லை.

பன்னு என்பது என் சித்தியின் வார்த்தை. என் கையைத்தான் அப்படிச் சொல்வாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் தங்கையான என் சித்தி விழுப்புரத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவள். அவளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அம்மாதான். லீவில் எங்கள் ஊரான செஞ்சிக்கு வந்தால் வீட்டில் யார் கையும் அவரவருக்குச் சொந்தமாக இருக்காது. துப்பட்டாவை எடுத்து முழங்கைக்கு மேலே கட்டி, தட்டி, தடவி, நரம்பு தேடுவாள். நைனா, அதாவது என் அப்பா, கொத்தனார். அவர் கையில் நரம்பு சாரம் கட்டுகிற கயிறுபோல ஓடும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இடது கையைப் பிடித்துக்கொள்வாள்.

"மாமா, உங்க கைய வெச்சு எக்ஸாம் நடத்துனா நான்தான் ஃபர்ஸ்ட்டு."

"தூரப் போ. எனக்கு ஊசின்னாலே ஆவாது" என்று நைனா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். மூன்றாவது மாடி சாரத்தில் சட்டை காற்றில் பறக்க நிற்கிற மனிதர்.

சித்தியின் நர்ஸிங் பள்ளியில் பழகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் கை உண்டாம். உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடுமாம். "அது அழாது, இழுக்காது. அதுகிட்ட எல்லாரும் பாஸ்" என்பாள் சித்தி.

அந்த வருடம் லீவு இல்லாத நேரத்தில் பையோடு வந்து இறங்கினாள். பை கட்டிலுக்கு அடியில் போனது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரே அறையுள்ள வீட்டில் ரகசியத்தை எங்கே வைப்பது? கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்டேன். வார்டில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்திருக்கிறாள். மேலே கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்காமலே ஊசியை உருவிவிட்டாள். கை நீலமாக வீங்கிவிட்டது. பெரியவரின் மகன் வார்டே கேட்கும்படி திட்டியிருக்கிறான். பிறகு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். ஊரைச் சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறான். அதையும் சொன்னாள். இனிமேல் இவள் என் அப்பாவைத் தொடக் கூடாது என்றானாம்.

"தப்புக்குத் திட்டுனா வாங்கிக்கலாம்க்கா. அப்புறமா கேட்டான் பாரு, அத வாங்கிக்க முடியல" என்றாள் சித்தி. எந்தப் பக்கம் என்று கேட்டதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்களிடம் வழி கேட்கிறவர்கள்கூட அப்படித்தானே கேட்பார்கள்.

திரும்பிப் போ என்று அம்மா தினமும் சொன்னாள். சித்தி தினமும் ஒரு காரணம் வைத்திருந்தாள். அமாவாசை வருது, மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமிருக்காது என்றாள். அமாவாசை போய்விட்டது. "இன்னும் கூட்டம் கொறையலக்கா" என்றாள். "மலையனூர் கூட்டம் விழுப்புரம் பஸ்ஸுல இன்னாடி பண்ணுது?" என்று அம்மா கேட்டாள். பக்கத்துக் கடை போனுக்கு நர்ஸிங் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். சித்தி எடுக்கட்டும் என்றாள். எனக்கோ கொண்டாட்டம். சித்தி இருந்தால் இரட்டைப் பின்னல். ஸ்கூலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள். அந்தத் திங்கட்கிழமை சீக்கிரம் வந்து போய்விடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

திண்டிவனம் ரோட்டில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அது ஜவுளிக்கடை. அங்கே என்னைச் சேர்த்தார்கள். கட்டிலில் படுத்தால் ஜன்னலில் கோட்டை மலை தெரியும். காய்ச்சலில் அது ஒரு நேரம் கிட்டே வந்தது, ஒரு நேரம் தள்ளிப் போனது. அம்மாவும் சித்தியும் கூட இருந்தார்கள். சித்தி வார்டுக்குள் வந்ததும் ஸ்டூலைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தட்டு, பஞ்சு, ஸ்பிரிட் வாசனை எதையும் அவள் பார்க்க விரும்பவில்லை.

அங்கேயும் படிக்கிற பெண்கள் வந்திருந்தார்கள். வெளிர் நீலச் சீருடை. காலையில் பெரிய சிஸ்டர் ஒருத்தியை அழைத்து வந்தார். சித்தியின் வயதுதான் இருக்கும். முகப்பவுடரில் வியர்வை கோடு போட்டிருந்தது. "ஏம்மா, இந்தப் பொண்ணு ரத்தம் எடுக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார் சிஸ்டர். அம்மா தலையாட்டினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினார்.

அவள் பட்டை கட்டினாள். தேடினாள். குத்தினாள். நான் கையை இழுத்தேன். என் கையோடு அவளும் வந்தாள். குழாயில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. நான் போட்ட கூச்சலில் பயந்து ஊசியைச் சட்டென்று உருவிவிட்டாள். பட்டை மேலே அப்படியே இருந்தது. என் கண் முன்னாலேயே தோலுக்கு அடியில் ஒரு நாவல்பழம் முளைத்தது.

அப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சித்தி எப்படி எழுந்தாள் என்று தெரியாது. பட்டை அவிழ்ந்தது. பஞ்சு அழுந்தியது. என் கை மேலே தூக்கப்பட்டது. எல்லாம் நான் அடுத்த மூச்சு இழுப்பதற்குள். அந்தப் பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

அந்த நேரம் பார்த்து நைனா இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். "இன்னா படிக்கிறீங்க நீங்கள்லாம்? கத்துக்கறதுக்குக் கொழந்த கைதான் கெடச்சுதா?" என்று கத்தினார். அந்தப் பெண் அழவில்லை. சித்திதான் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கியது யார் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

எடுத்த ரத்தம் போதவில்லை. இன்றைக்குக் குழந்தையை விடுங்கள், நாளைக்கு எடுக்கலாம் என்றார் டாக்டர். நாளைக்கு நானே வருகிறேன் என்றார் பெரிய சிஸ்டர்.

அன்று பகலெல்லாம் நான் கையை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். வலி குறையக் குறைய பெருமை ஏறியது. மதியம் அந்தப் பெண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை. சித்தி எழுந்து வெளியே போனாள். இருவரும் வராந்தாவில் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சித்தி தன் கையின் மேல்பக்கத்தைப் பிடித்து, பட்டை இருக்கும் இடத்தைக் காட்டி, விடுவிப்பதுபோல விரலை விரித்தாள். அந்தப் பெண் அதேபோல் செய்து பார்த்தாள். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அம்மாவும் அதைப் பார்த்தாள். உரித்த சுளையை எனக்குக் கொடுக்க மறந்து, தோலோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரிய சிஸ்டர் வந்தார். அந்தப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் தைரியமாகவே இருந்தேன். சிஸ்டர் கை ராசியான கை என்று வார்டில் பேச்சு.

அம்மா என் மற்றொரு கையை எடுத்து நீட்டினாள். "அந்தப் பொண்ணே எடுக்கட்டும்" என்றாள்.

நைனாவுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும், "உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார்.

"நேத்து வீங்குச்சு இல்ல, அதனாலதான். நேத்து தப்பு பண்ண கைதான் இன்னிக்கு உஷாரா இருக்கும்."

"அதுக்கு எம்பொண்ணு கைதானா?"

"எனுக்கும் பொண்ணுதான்" என்றாள் அம்மா.

அந்தப் பெண், "வேணாம்க்கா, சிஸ்டரே எடுக்கட்டும். எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

"நடுங்கட்டும். இன்னிக்கு நீ எடுக்கலன்னா எப்பவும் எடுக்க மாட்டே."

இதைச் சொல்லும்போது அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அம்மா என்னையாவது பார்ப்பாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ஸ்டூல் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை ஊசிக்குக் கொடுத்துவிட்டு இவள் எங்கோ பார்க்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. சித்தி வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பாப்பாவ நான் புடிச்சிக்கறேன். இழுக்க மாட்டா. நீ வா" என்றாள். சிஸ்டர் அம்மாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோள் பக்கத்தில் போய் நின்றார். இந்த முறை யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"கண்ணால தேடாத. இந்தக் கை பன்னு, ஒண்ணும் தெரியாது. விரலால தேடு" என்றாள் சித்தி. அந்தப் பெண்ணின் விரல் ஜில்லென்று இருந்தது. அழுத்தியது, நகர்ந்தது, திரும்பி வந்து நின்றது. குத்தினாள். நான் கத்த வாயைத் திறந்தேன்; அதற்குள் குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்ப்பதில் கத்த மறந்துவிட்டேன்.

"பட்டைய அவுரு" என்றாள் சித்தி.

"அவுத்துட்டேன்க்கா" என்றாள் அந்தப் பெண். உண்மையிலேயே பட்டை அப்போதே கட்டிலில் கிடந்தது.

சித்தி சிரித்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பஞ்சை என் கையில் வைத்து மடக்கியபோது, "எனக்கு இதச் சொல்ல யாரும் இல்ல பாரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி என்றால் அவருக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை கட்டிலுக்கு அடியிலிருந்து பை வெளியே வந்தது. பஸ் ஸ்டாண்டில் சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "நல்லா தின்னு. அடுத்த தடவ வரும்போது நரம்பு தெரியணும்" என்றாள். நான் டாட்டா காட்டவில்லை. பஸ் போனதும் அம்மாவிடம், "உன்னாலதான் போயிட்டா" என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா அழுதுகொண்டே சிரித்தது ஏன் என்றும் தெரியாது.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"யாரு சொன்னா? பயம் இல்லாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் நீட்டுன?"

"உன் கை நாலு நாள்ல ஆறிடும்னு தெரியும். அவ..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மகள் வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டாள். அம்மா அதைத் துடைக்கப் போய்விட்டாள். முடிக்கவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

சித்தி இப்போது தூரத்து ஊர் ஒன்றில் பெரிய சிஸ்டர். போன் செய்து, மகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "எங்கிட்ட கேக்காத. நான் எந்தக் கட்சின்னு உனக்கே தெரியும்" என்றாள். கணவர், அனுபவசாலி பக்கத்தில் இருக்கும்போது எதற்கு ரிஸ்க் என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. நைனா இன்றுவரை அந்தக் கதையைப் பேசவே விடுவதில்லை.

என் கையைக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே நீட்டியிருப்பேன். யாராவது எங்காவது கற்றுக்கொள்ளத்தானே வேண்டும். பிளாஸ்டிக் கையோடு நின்றுவிட முடியாது. ஆனால் கேட்டது மகளின் கையை. அவளுக்குப் பேச்சே இன்னும் சரியாக வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவளின் சார்பில் சரி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொன்னாலோ, யார் வீட்டுச் சித்தியோ அன்று மாலை பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள் என்று தோன்றுகிறது. அம்மாவுக்காவது காப்பாற்ற ஒரு தங்கை கண்ணெதிரே இருந்தாள். எனக்கு அப்படி யாரும் இல்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண் தட்டோடு வரப்போகிறாள், அவ்வளவுதான்.

டானிக் பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டது. உங்களில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் இருப்பீர்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பதிலுக்காக நின்றவர்களும் இருப்பீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள், உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பாட்டில் தீர்வதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.