குறுக்குக்கோட்டு வெள்ளணு

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன். அவர் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ‘மூச்சு’ என்று கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். மருத்துவமனையின் மேல்மாடியில், கல்லுபோல் கனத்த மேசையில், நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தலைமுடியைவிட மெல்லிய நுனியுள்ள கண்ணாடி ஊசியை ரத்தத்தில் இருக்கும் ஒரு வெள்ளணுவின்மேல் கொண்டுபோய் வைப்பார். ஊசியின் பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய். அதன் முனையை வாயில் வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தை மூச்சு விடுவதுபோல மெதுவாக ஒரு இழுப்பு. வெள்ளணு ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அவசரப்பட்டால் கிழிந்து வீணாகிவிடும்.

நான் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவன். “நீங்களும் குழாய், நானும் குழாய். என் குழாயில தண்ணியாவது வரும்” என்று அவரைச் சீண்டுவேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்று நினைக்கிற ஜாதி அவர்.

அவர் அளப்பது பொட்டாசியத்தை. வெள்ளணுவின் தோலில் பொட்டாசியம் வெளியே போவதற்கென்று சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அது வெளியே போனால்தான் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் வந்துகொண்டே இருந்தால்தான் வெள்ளணு சண்டைக்கு நிற்கும், பெருகும். சில நோயாளிகளின் உடம்பில், திரும்பத் திரும்பச் சண்டை போட்டுப் பழகிய வெள்ளணுக்களில் இந்தக் கதவுகள் அளவுக்கு மீறி இருக்கும். அவை கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பையே கடிக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அந்தக் கதை எங்கள் வீட்டுக்கே வந்தது. என் தங்கைக்கு முதலில் ஒரு கண் மங்கியது. அப்புறம் கால் மரத்தது. அவள் தையற்கடை வைத்திருந்தாள். மிதிகட்டையில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது. நரம்பின் மேலுறையை அவளுடைய வெள்ளணுக்களே அரிக்கின்றன என்றார் பெரிய டாக்டர். மாதாமாதம் ஒரு மருந்து ஏற்றினார்கள். நோய் நிற்கவில்லை, அதன் வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான் அந்த மருந்தின் தயவு.

அப்போதுதான் புது மருந்து பரிசோதனைக்கு வந்தது. கடல்பாறையில் ஒட்டி வாழும் ஏதோ ஒரு உயிரின் நஞ்சைப் பார்த்துச் செய்த மருந்தாம். அந்தப் பொட்டாசியக் கதவுகளைத் தேடிப்போய் அடைக்கும். யாருடைய வெள்ளணுக்களில் கதவுகள் ஒரு அளவுக்கு மேல் இருக்கின்றனவோ அவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். சேருகிறவர்கள் பழைய மருந்தை நிறுத்திவிட வேண்டும்.

யாருடைய ரத்தம் என்று தெரியாமல் அளப்பதுதான் அங்கே முறை. ஆனால் அளக்கத் தெரிந்த இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். தங்கைக்கு ரத்தம் எடுத்த அன்று வேறு யாருக்கும் எடுக்கவில்லை. அந்தக் குப்பி யாருடையது என்று மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? பெரிய டாக்டர், பரவாயில்லை, கருவி காட்டுவதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முடிவு அளவுக்கு மேலே வந்தது. தங்கை அன்றைக்கு அழுதாள், நானும் அழுதேன். கடையை மூடவேண்டாம், கட்டடத்துக்காரரிடம் சொல்லிவிடு என்றாள். பழைய மருந்தை அந்த மாதம் ஏற்றவில்லை. மாப்பிள்ளை மட்டும் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில்கூட இந்த மனிதருக்கு வாய் திறக்காதா என்று எனக்கு எரிச்சல்.

புது மருந்தை ஊசியாகப் போடும் நாளுக்கு முன்பே அவர் பெரிய டாக்டரிடம் போய், அந்த அளவு செல்லாது என்று சொல்லிவிட்டார்.

நுண்ணோக்கியின் கண்ணாடியில் இரண்டு கோடுகள் குறுக்காக ஓடும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்த வெள்ளணு நிற்கிறதோ அதைத்தான் தொட வேண்டும். அது ஒட்டாவிட்டால் வலப்பக்கம் அடுத்தது. பொறுக்கி எடுக்கக் கூடாது. ஏனென்றால் கண் பழகியவருக்குத் தெரியும், பெரிதாக, உப்பலாக இருப்பவை கிளர்ந்தெழுந்தவை. அவற்றில் கதவுகள் அதிகம். அன்றைக்கு அவர் கை கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதாகப் பார்த்துத் தொட்டிருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. காட்டிய இடத்தை அளந்தது.

பக்கத்துக் கட்டடத்து ஆய்வுக்கூடத்தில், யாருடைய ரத்தம் என்று தெரியாத ஒருவரைக்கொண்டு மறுபடி அளந்தார்கள். அளவுக்குக் கீழே நின்றது. கீழே என்றால் வெகுவாகக் கீழே. தங்கையின் பெயரை எடுத்துவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் இருந்த குழாய் ஒட்டும் பசைகூடக் காயாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், கட்டின மனைவிக்காக ஒரே ஒரு பொய்யைப் பொத்திவைக்க முடியவில்லையா என்று கேட்டேன். நீங்கள் நல்லவர் என்று பெயர் வாங்க என் தங்கையின் காலா கிடைத்தது என்றும் கேட்டேன். அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான், அந்தக் கதவு அவகிட்ட அதிகமா இல்ல. அப்போ அந்த மருந்து போய் எதை அடைக்கும்? கொஞ்சமாவது காப்பாத்திட்டிருந்த பழைய மருந்தையும் நிறுத்தியாச்சு. அவளுக்கு வேற ஏதோ ஒண்ணு பண்ணுது. அது என்னன்னு எனக்குத் தெரியல.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டிய நேரம் அதுதான், இருந்தும் வரவில்லை.

பழைய மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது தங்கை சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கடை இல்லை. வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பித்தான் தைத்துக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை காலையில் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்டு வேலைக்குப் போகிறார். போய், அந்தப் பரிசோதனையில் சேர்ந்த மற்றவர்களின் வெள்ளணுக்களை அளக்கிறார். யாரோ சிலருக்குக் கதவுகள் அடைபட்டுப் பொட்டாசியம் அடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரின் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

போன வாரம் அவர் இல்லாத நேரத்தில் தங்கையிடம் கேட்டே விட்டேன். உனக்கு அவர்மேல் கோபமே இல்லையா என்று. அவள் ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“இருந்துச்சுண்ணா. ஒரு வருஷம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசல. ஆனா யோசிச்சுப் பாரு. அந்தப் பொய்யோட அந்த ஊசிய நான் போட்டுக்கிட்டிருந்தா, குணமாகுதா இல்லையான்னு அவர்தானே அளந்து சொல்லணும்? ஆகுதுன்னு சொல்லுவாரு. நான் சாகுற வரைக்கும் ஆகுதுன்னுதான் சொல்லிட்டிருப்பாரு.”

அவள் நீட்டிய சட்டையை வாங்கி மடித்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவள் கால் அசைந்திருக்குமோ என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை.