ஹாஸ்ப்ரூக் தைத்த கைப்பிடி

குதிரைச் சேணம் தைக்கும் ஆரின் ஹாஸ்ப்ரூக்கின் கடைக்கு அடுத்தது என் கொல்லுப்பட்டறை. தன் தையலைப் பற்றி அவர் அடிக்கும் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவருடைய ஒரே மகன் ஏசா கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தான். பேர்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரணி மேலே விழுந்து அமுக்கும்.

1893இல் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. அணித் தலைவன் விட்ஃபீல்ட் கடைக்கு வந்தான்.

"சார், ஏசா கால்சட்டை இடுப்புல ரெண்டு பக்கமும் தோல் கைப்பிடி வச்சுத் தாங்க. அவன் மாட்டிக்கிட்டா நாங்க புடிச்சு இழுத்துட்டுப் போயிடுவோம். தையல் தாங்குமா?"

"குதிரையக் கட்டி இழுத்துப் பாருடா. குதிரைதான் நாக்குத் தள்ளும்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி ஹெட்டி குறுக்கிட்டாள். "ஒத்தை நூல் போதுங்க. அறுந்தா அறுந்துட்டுப் போவுது. பிள்ளை கீழ விழுந்து எந்திரிச்சுக்குவான்."

"அரைகுறை வேலை செஞ்சா ஊரு சிரிக்காது? போடி."

மெழுகு நூலை இரட்டையாக ஓட்டித் தைத்தார். அடுத்த நான்கு ஆட்டமும் எங்களுக்கே வெற்றி. ஊரே அவர் கையைக் குலுக்கியது.

கடைசி ஆட்டம் நவம்பர் கடைசியில், நன்றித் திருநாளன்று. தரை இறுகி உறைந்திருந்தது. ஏசாவின் கால்களை எதிரணி ஆட்கள் மூவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் இருவர் கைப்பிடிகளைப் பற்றி முன்னால் இழுத்தார்கள். இரு பக்கமும் விடவில்லை. "இழு, இழு" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஹாஸ்ப்ரூக்கின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஏசா ஒரே ஒரு முறை அலறினான்.

முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார் மருத்துவர். ஹெட்டி அந்தக் கால்சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு தையலாவது விட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

விட்ஃபீல்ட் ஒருமுறை ஆரஞ்சுக் கூடை அனுப்பினான். அதற்குப் பிறகு ஆளே இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, பாவி.

தினமும் ஏசாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க வேண்டும். வெறும் கையால் தூக்கினால் நழுவினான். அவனே ஒரு நாள் சொன்னான். "அப்பா, அந்தக் கைப்பிடி வச்ச கால்சட்டைய மாட்டிவிடுங்க. அது விடாது."

ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். ஆறு வருடமாகத் தூக்குகிறோம். தையல் இன்னும் விடவில்லை.