ஒன்றாம் நம்பர் அடுப்பு

பெயின்ட் அடித்த இரும்புக் கதவுகளைச் சூட்டில் உலர்த்த அந்தத் தொழிற்சாலையில் இரண்டே இரண்டு மின்சார அடுப்புகள். இரண்டையும் ஆட்டிவைப்பது ஒரு கன்ட்ரோல் பேனல். அந்தப் பேனலோடு மாரடிப்பவள்தான் பேனல் அக்கா. சேர்ந்த நாளிலிருந்து ஒப்பந்த வேலை. புதுப் பேனலில் சிவப்பு விளக்கு எரியாமல் முதலாளிக்குக் காட்டிவிட்டால் நிரந்தரமாக்குவார்கள் என்று மேனேஜர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். ஒவ்வோர் அடுப்புக்கும் பேனலுக்குள் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மாட்யூல். அதற்கு ஒரு நம்பர் வைக்க வேண்டும்; அதுதான் அதன் அட்ரஸ். பேனலின் மூளையான கன்ட்ரோலர் நம்பர் சொல்லிக் கூப்பிட்டால், அந்த நம்பருக்கு உரிய பெட்டி தன் அடுப்பின் சூட்டைச் சொல்லும். இரண்டுக்கும் ஒரே நம்பர் வைத்தாலோ, இரண்டும் சேர்ந்து கத்தி, கன்ட்ரோலருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.

இதில் வந்து விழுந்தார்கள் மச்சான்மார் இருவர். பெரிய மச்சானின் தங்கையைக் கட்டியவன் சின்ன மச்சான். ஆளுக்கோர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

“அவனுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டா? பொண்ணு குடுத்தவன்னா இளக்காரமா?” என்றான் பெரியவன்.

“எனக்கு ரெண்டு வச்சா நான் வீட்டுல தலை காட்ட முடியுமா அக்கா?” என்றான் சின்னவன்.

அட கடவுளே! பேனலுக்குள் கிடக்கும் நம்பரை எந்தப் பாவி பார்க்கப்போகிறான்? கெஞ்சிப் பார்த்தாள். மசியவில்லை. எரிச்சல் தாங்காமல் இரண்டையும் மூன்றையும் வைத்துவிட்டு, “ஒண்ணு யாருக்கும் கிடையாது, போங்க!” என்றாள். இருவருக்கும் பரம திருப்தி. மற்றவனுக்குக் கிடைக்கவில்லையே, அது போதாதா? யாருக்கு இரண்டு, யாருக்கு மூன்று என்றுகூடக் கேட்கவில்லை.

கன்ட்ரோலருக்கு இந்தக் குடும்ப கௌரவமெல்லாம் எங்கே தெரியும்? ஒன்றில் தொடங்கி, மாட்டியிருக்கும் கடைசி நம்பர் வரை வரிசையாகக் கூப்பிடுவது அதன் வழக்கம். ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டது; பதில் இல்லை; சிவப்பு விளக்கு. அந்த வரிசையை மாற்றும் பாஸ்வேர்டைப் பேனல் விற்றவன் கொடுக்காமலே போய்விட்டான். வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. அக்கா ஓர் உபரி மாட்யூலை எடுத்து, ஒன்று என்று நம்பர் வைத்து, எந்த அடுப்போடும் சேர்க்காமல் மாட்டினாள். விளக்கு பச்சையானது.

முதலாளி திரையைப் பார்த்தார். இரண்டும் மூன்றும் ஏறி இறங்கின. ஒன்று அசையவே இல்லை.

“அடேயப்பா! இந்த ஒண்ணு கரண்டே இழுக்காம ஓடுதே! யாரு அடுப்பு இது?”

மச்சான்மார் இருவரும் வாயைத் திறந்தார்கள். ஒருவனை ஒருவன் பார்த்தார்கள். “அக்காவோடது!” என்றார்கள் ஒரே குரலில்.

“ஐயா, அப்படி ஒரு அடுப்பே...” என்று அக்கா தொடங்கும்போதே பெரியவன் அவள் காலை மிதித்தான். மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எவ்வளவு அடக்கம் பாருய்யா!” என்று முதலாளி உருகிப்போனார். கையோடு ஆர்டரும் போட்டுவிட்டார்: ஒன்றாம் நம்பர் அடுப்புப் பொறுப்பாளர், நிரந்தரம்.

மாலையில் அதைப் படித்த வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “இல்லாத அடுப்புக்கு ஆளா? கையைச் சுட்டுக்காதடி!”

அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“இத்தனை வருஷமா எரியற அடுப்புக்கிட்ட வெந்தேங்க,” என்றாள். “அப்பல்லாம் நான் முதலாளி கண்ணுலயே படலையே.”