பின்பக்கத் துளைக்கு ஒரு பொட்டு

என் அத்தைக்கு ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் வேலை. சேதராப்பட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. காலையில் கம்பெனி வேன் சாரம் பகுதியில் இருந்த எங்கள் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்த பிறகுதான் அவள் பின்னலை முடிப்பாள். அப்பாவுக்கு ஒரே தங்கை, அதனால் இருபத்திரண்டு வயதிலும் 'பாப்பா'. மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு மெஷின் என்றால் எண்ணெய் வடிய வேண்டும், சத்தம் போட வேண்டும். அத்தையின் வேலையில் இரண்டும் இல்லை என்பதால் அதை அவர் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை.

அந்த வருடம் அவளுடைய சூப்பர்வைசர், கம்பெனியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் போர்டு ஒன்றையும் ஒரு பை நிறைய உதிரிச் சாமான்களையும் கொடுத்து, வீட்டிலேயே சேர்த்துப் பார்க்கச் சொன்னார். டி.வி.யில் செருகினால் திரையில் எழுத்து வர வேண்டும். வந்தால் மெட்ராஸில் ஆறு மாதப் பயிற்சிக்கு அத்தையின் பெயர். இல்லாவிட்டால் பக்கத்து மேஜைப் பெண்ணின் பெயர். விஜயதசமியன்று தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் எங்கள் கூடத்தில் ஈயப் புகை மணந்தது. மதிக்காத அப்பாவே அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார், பலகை சும்மா கிடந்ததாம். பூஜைக்கு நான்கு நாள் முன்பு திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அத்தை முதலில் தட்டியது என் பெயரை. நான் டி.வி.யில் வந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை.

ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணம் என் பொறுப்பு. ஒன்பது வயதுக்கு அது பெரிய பதவி. அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள் என்று ஒன்றையும் விடவில்லை. கம்ப்யூட்டரிடம் வந்தபோது அத்தை, "மேல வெக்காதடி, எழுத்துக் கட்டையெல்லாம் ஒட்டிக்கும்" என்றாள். பொட்டில்லாமல் எப்படி விடுவது? பின்பக்கம் திருப்பினேன். பொட்டு வைக்கவென்றே செய்தது போல வட்டமாக ஒரு துளை இருந்தது. சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன்.

மறுநாள் சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வந்து, அம்மா கொடுத்த சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை பழகிய கையால், பார்க்காமலே, ஒயரைப் பின்னால் செருகி சுவிட்சைப் போட்டாள். திரையில் புள்ளிகள்தான் கொதித்தன.

டி.வி.யில் எது கெட்டாலும் அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பியபடி, "வருதா? இப்ப?" என்று கத்தினார். ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கம்ப்யூட்டரைச் செருகியிருந்தோம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அத்தை டி.வி.யின் சேனல் குமிழைத் திருப்பினாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள். அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. சூப்பர்வைசர் சுண்டலை முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியாக அத்தை பின்னாலிருந்த ஒயரை உருவினாள். முனையில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதற்குள் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "அஞ்சு நாளு முன்ன நல்லாதான வந்துச்சி? எவ கை வெச்சா இதுல?" அப்பாவின் கை எப்படிப்பட்டது என்பது என் முதுகுக்குத் தெரியும்.

அத்தை ஒயர் முனையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "யாரும் கை வெக்கலண்ணா. எஞ் சால்ட்ரிங்தான் ஒரு எடத்துல விட்டுப்போச்சி."

ஈயம் உருக்கும் சூட்டுக்கோலால் அங்கே இங்கே தொடுவது போலப் பாவனை செய்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி துளையைச் சுத்தம் செய்தாள். எழுத்து வந்தது. நான் கைதட்டினேன். கைதட்டியது நான் மட்டும்தான்.

"ஓடுது, சரிம்மா" என்றார் சூப்பர்வைசர். "சால்ட்ரிங் விட்டுப்போற கைய எப்படி அனுப்பறது? அடுத்த வாட்டி பாக்கலாம்."

அப்பா ஸ்கூட்டர் வரை அவர் பின்னாலேயே போனார். "ஒரே ஒரு எடந்தான சார், பாப்பா ராவா பகலா செஞ்சிது சார்" என்று அவர் கெஞ்சியது ஜன்னல் வழியாகக் கேட்டது. அப்பா யாரிடமும் கெஞ்சி நான் அதுவரை கேட்டதில்லை.

எனக்கோ ஒரே சந்தோஷம். அடி விழவில்லை, அத்தையும் எங்கும் போகவில்லை. அவள் மடியில் படுத்துக்கொண்டு அதைச் சொல்லவும் சொன்னேன். அத்தை என் பின்னலைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். "ஆமாண்டி. அடுத்த வருசம் பொட்ட எனக்கு வெய்யி, அது போதும்."

பக்கத்து மேஜைப் பெண் மெட்ராஸ் போனாள். அடுத்த வாட்டி என்று ஒன்று வருவதற்குள் அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

பாலிடெக்னிக்கில் சால்ட்ரிங் பிடிக்கக் கற்றுக்கொண்ட வருடம், பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தேன். துளையின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. போர்டைத் திருப்பினேன். நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள், எல்லாம் ஒரே அளவு. விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிக்கொண்டே போனேன். கண்ணில் நீர் முட்டி எண்ணிக்கை தவறியபோதெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்றுகூட விட்டுப்போயிருக்கவில்லை.