ஆறு விரல் படகுக்காரன்

நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்வது அவள் தொழில். வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் அவளுக்கு ஒரே பெயர்தான் நிலைத்தது: சிஐடி அக்கா. பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பாள். மாத்திரை போட்டாயிற்று என்பவரிடம் நாக்கைத் தூக்கச் சொல்வாள். படுத்திருப்பவர் "ஒண்ணும் வலிக்கல" என்றால் உடனே புரட்டி முதுகைப் பார்ப்பாள். அவள் கையில் இருந்த எவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அவளுக்கும் எந்த வீட்டிலும் இனிமையானவள் என்ற பெயர் வந்ததில்லை.

இப்போதைய வீட்டில் நோயாளி ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. வலது கை மட்டும் பிழிந்து போட்ட துணி மாதிரி மடியில் கிடந்தது. மனைவி இல்லை. ஒரே மகள், காலையில் அலுவலகம் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரு கற்பனை ராஜ்ஜியம். பெயர் 'ஏழாம் வாயில்'. முதலில் தடித்தடியான புத்தகங்கள், பிறகு டிவி தொடர், பிறகு வீடியோ கேம். மூன்றிலும் அதே கோட்டை, அதே ஆறுதான். கதை மட்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது. எதிரிக்கு வாயிலைத் திறந்துவிட்ட துரோகி புத்தகத்தில் வைத்தியன், டிவியில் தளபதி. கேமில், ஆடுகிறவர் போகிற போக்கைப் பொறுத்து யார் வேண்டுமானாலும் துரோகி. மதியம் தொடரை அக்காவும் உட்கார்ந்து பார்ப்பாள். சாயங்காலம் மகள் அப்பாவுக்குப் புத்தகம் வாசிக்கும்போது அடுப்படியிலிருந்தே காதைக் கொடுப்பாள். கேம் மகளுடையது. விடுமுறை நாளில் ஆடுவாள், இடிந்த பாலத்தைத் தாண்ட முடியாமல் திட்டிக்கொண்டே அணைப்பாள்.

"இந்த ராஜ்ஜியத்துல ஒருத்தனையும் நம்ப முடியாது போலிருக்கே" என்றாள் அக்கா ஒருநாள்.

"உனக்குன்னே எழுதின கதைதான்" என்றார் அவர்.

கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. துணி துவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் டிவி பெட்டி சூடாக இருந்தது. கேம் கன்ட்ரோலர், அவள் துடைத்து வைத்த இடத்தில் இல்லாமல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. முதலில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோ பையன் மேல்தான் சந்தேகம். கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான்? தண்ணீர்ச் சொம்போடு திடுதிப்பென்று உள்ளே நுழைந்தாள். அவன் வியர்க்க வியர்க்க அவர் விரல்களை நீவிக்கொண்டிருந்தான்.

"ஐயா ஒத்துழைக்கவே மாட்டேங்கிறாரு அக்கா. நரம்பு நல்லாத்தான் இருக்கு. ஏன் வரலைன்னே தெரியல" என்றான்.

அன்று சாயங்காலம் மகள் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஆபீஸ்ல வெளியூர் வேலை குடுத்துட்டாங்க. மாசத்துல பாதி நாள் இருக்க மாட்டேன். அப்பாவால சோறுகூடப் பிசைஞ்சு சாப்பிட முடியல, சட்டைப் பட்டன் போட முடியல. ஞாயித்துக்கிழமை ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பாக்கப் போறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மறுநாள் தொடரில் படகுக்காரன் வந்தான். அவன் எப்போதும் கையுறை போட்டிருப்பான்.

"இவன் ஏன் கையை மூடியே வச்சிருக்கான்?" என்றாள் அக்கா.

"அவனுக்கு ஆறு விரல், அதான்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். டிவியில் அவன் கையுறையைக் கழற்றியதே இல்லை. புத்தகத்தில் படகுக்காரன் என்றே ஒருத்தன் கிடையாது. மீதி இருப்பது கேம். அதில் படகுத்துறை, இடிந்த பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்ட இரண்டு கையும் வேண்டும் என்று மகளே எத்தனை தடவை புலம்பியிருக்கிறாள்.

அவள் எழுந்து போய், தினமும் செய்வதுபோல அவருடைய வலது கைக்கு வலி எண்ணெய் தேய்த்தாள். இன்று கொஞ்சம் தாராளமாகவே தேய்த்தாள். பிறகு துணி துவைக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றாள். திரும்பி வந்து கன்ட்ரோலரை எடுத்து முகர்ந்தாள். வலது பக்கம் முழுக்க எண்ணெய்.

"கையைக் குடுங்க" என்றாள்.

"எந்தக் கை?"

"ஆறு விரல் கை."

 அவர் அந்த வலது கையாலேயே மூக்கைச் சொறிந்தார்.

"எதுக்கு ஐயா இந்த வேஷம்?"

"புத்தகம் பிடிக்க முடியலைன்னுதான அவ வாசிக்கிறா. கை வந்துட்டா, நீங்களே படிச்சுக்கோங்கன்னு போனைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிடுவா. முன்னாடி அப்படித்தான் இருந்தா."

"நல்லா யோசிச்சீங்க. கை வரலைன்னு ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஹோம் பாக்கப் போறா. அங்க யார் வாசிப்பான்னு போய்க் கேட்டுக்கோங்க." சொல்லாதே என்றதைச் சொல்லியாயிற்று. அதற்காக அவள் வருந்தவில்லை. "நான் அவகிட்ட வாயைத் திறக்க மாட்டேன். உங்க கை, நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் மகள் வந்தாள். சோர்வோடு புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். அவள் அவ்வப்போது பக்கத்தை விழுங்குகிறாள் என்று அக்காவுக்கு வெகுநாளாகச் சந்தேகம். இன்றும் வைத்தியன் சமையல்கட்டில் இருந்தான், அடுத்த வரியில் மதில்மேல் நின்றான்.

அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. புத்தகத்துக்கு மேல் போய் விரலை ஊன்றியது.

"ரெண்டு பக்கம் தாண்டிட்ட பாப்பா."

மகள் அந்தக் கையையே பார்த்தாள். "எத்தனை நாளா?"

"நீ எத்தனை நாளா பக்கம் தாண்டுற?"

அவள் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கத்தப்போகிறாள் என்று அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். மகள் திரும்பி வந்து புத்தகத்தை அவர் கையில் திணித்தாள்.

"நான் இருக்கிற நாள்ல நான் வாசிக்கிறேன். புத்தகத்தை நீங்கதான் பிடிக்கணும், பக்கமும் நீங்கதான் திருப்பணும். நான் ஊர்ல இல்லாதப்ப போன்ல நீங்க எனக்கு வாசிக்கணும். முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை?"

மகள் அடுப்படியை நோக்கி முறைத்தாள். "போகல. பாலத்தை எப்படித் தாண்டினீங்கன்னு அன்னைக்குக் காட்டுங்க."

பக்கத்தைத் திருப்பும்போது அவர் கை நடுங்கியது. நிஜ நடுக்கமா, நடிப்பா என்று பார்க்க அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.